இதுவும் ஒரு பழங்கற்படி: காப்பி எடுத்தவங்களும் அதைத் திருப்பி எழுதினவங்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடம். வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. டேட்டாபேஸ்ல ஒரு டெலீட் கட்டளை ஓட்டினேன். "வேர்" போட மறந்துட்டேன். இந்தத் துறையில இருக்கிறவங்க இப்பவே நெஞ்சுல கை வச்சிருப்பீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன்: "இந்த ஒரு வாடிக்கையாளரோட பழைய ஆர்டரை மட்டும் அழி"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல "எல்லார் ஆர்டரையும் அழி"ன்னு சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் ரொம்ப நல்ல பிள்ளை. சொன்னதைச் செஞ்சுது.

பேக்கப் இருந்துச்சு. தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடும். காலையில "பேக்கப் வெற்றி"ன்னு மெயில் வரும். அந்த மெயிலை நாங்க யாரும் திறக்கறதே இல்ல. தலைப்பைப் பார்த்தோமா, போதும். அன்னைக்குத்தான் ஃபைலைத் திறந்தோம். உள்ள அட்டவணைகளோட பேர் இருக்கு, கட்டம் கட்டமா அமைப்பு இருக்கு, தரவு ஒரு வரி இல்ல. நாலு மாசமா காலிப் பெட்டியைப் பூட்டிப் பூட்டிப் பத்திரப்படுத்தியிருக்கோம். கடைசியில எங்களைக் காப்பாத்தினது எங்க டீம்ல இருந்த ஒரு பொண்ணு. ஒரு ரிப்போர்ட்டைச் சோதிக்கறதுக்காக முந்தின வாரம் மொத்தத்தையும் தன்னோட லேப்டாப்ல இறக்கி வச்சிருந்தா. விதிப்படி அது தப்பு. அந்தத் தப்புதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இடையில போன ஒரு வார ஆர்டர்களை மெயில்ல இருந்து பொறுக்கிப் பொறுக்கித் திரும்ப ஏத்த ரெண்டு நாள் ஆச்சு.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல. 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர், ரெண்டாவது சர்வர்ல இருக்கிறதா நினைச்சுக்கிட்டு முதல் சர்வரோட தரவு அடைவை அழிச்சார். சுமார் 300 ஜிபி இருந்த இடம். ஒண்ணு ரெண்டு நொடியில தப்பு புரிஞ்சு நிறுத்தினார். மிச்சம் இருந்தது 4.5 ஜிபி. அவங்ககிட்ட அஞ்சு விதமான காப்பு ஏற்பாடு இருந்துச்சு. அஞ்சும் கைகொடுக்கல. அதுல ஒண்ணு, டேட்டாபேஸோட பதிப்பும் காப்பி எடுக்கிற கருவியோட பதிப்பும் ஒத்துப்போகாம, தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டிய மெயிலும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கு. சேமிச்சு வைக்கிற இடத்தைப் போய்ப் பார்த்தா காலி. அவங்களைக் காப்பாத்தினது, அதே இன்ஜினியர் வேற ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச ஒரு நகல். அதைத் திரும்ப ஏத்தற வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. ஆயிரக்கணக்கான பேர் கிரிக்கெட் மேட்ச் மாதிரி உட்கார்ந்து பார்த்தாங்க. அவ்வளவு வெளிப்படையா தப்பை ஒத்துக்கிட்ட நிறுவனம் அபூர்வம்.

சரி, இது வரலாறு பேசற நிகழ்ச்சி ஆச்சே, இதெல்லாம் எதுக்கு? என் கூத்து நடந்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காதுகுத்துக்காகக் கம்பைநல்லூர் போனேன். எங்க ஆயா ஊரு. தருமபுரி மாவட்டம். அங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்ற எங்க மாமாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "வா மாப்ள"ன்னு தேசிநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். சுவர்ல கல்வெட்டைக் காட்டினார். "இதுக்கு ஒரு காப்பி இருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கல்லுல வெட்டினதுக்கு எதுக்கு காப்பி? கல்லே நிரந்தரம்தானே?

கல்லு நிரந்தரம் இல்ல. அதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்சு வச்சிருந்தாங்க. இன்னைக்குப் பேசப் போற விஷயம் அதுதான்.

கொள்ளிடத்தோட வடகரையில, அரியலூர் மாவட்டத்துல திருமழபாடின்னு ஒரு ஊர். வைத்தியநாதர் கோயில். அங்க இருந்த கருவறைக் கட்டடத்தைப் பிரிச்சுட்டுப் புதுசா கட்டணும்னு முதலாம் ராஜராஜன் தன்னோட 28-ஆவது ஆட்சி ஆண்டுல உத்தரவு போடறார். நம்ம கணக்குல 1012-13 வாக்கு. ஒரு பேரரசர் கோயிலை இடிச்சுக் கட்டறது பெரிய செய்தி இல்ல. ஆனா அந்த உத்தரவுல ஒரு நிபந்தனை இருக்கு: சுவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற கல்வெட்டு எல்லாத்தையும் புத்தகத்துல எழுதிக்கணும். புத்தகம்னா இங்க ஓலைச் சுவடி. வேலை முடிஞ்சதும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவர்ல திரும்ப வெட்டணும். அடுத்து வந்த ராஜேந்திரன் காலத்துல அப்படியே வெட்டியும் இருக்காங்க.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிலிர்த்துப்போச்சு. பழைய சர்வரை அணைக்கறதுக்கு முன்னாடி காப்பி எடு, புது சர்வர்ல ஏத்து, ஏத்தினதையும் பதிவு பண்ணு. நாம மைக்ரேஷன்னு சொல்றோமே, அதேதான். காப்பி எடுத்த ராஜாவும் அதைத் திரும்ப ஏத்தின ராஜாவும் வேற வேற ஆளுங்க, அதுதான் இதுல முக்கியம். மேலிடம் மாறியும் டிக்கெட் மூடாம கிடந்து முடிஞ்சிருக்கு. எத்தனை கம்பெனியில இது நடக்கும்?

கல்வெட்டுல இருந்தது பக்தி மட்டும் இல்லன்னு ஞாபகம் வச்சுக்கங்க. யார் எவ்வளவு நிலம் கொடுத்தாங்க, அதுக்கு எல்லை என்ன, விளக்கு எரிக்க எத்தனை ஆடு, அந்த ஆட்டை யார் பொறுப்புல விட்டிருக்கு, வட்டிக்கு விட்ட பொன் எவ்வளவு, இதெல்லாம் இருக்கும். சுவர் போச்சுன்னா கணக்கு போச்சு. கணக்கு போச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து "இது எங்க தாத்தா நிலம்"னு நிப்பான். அதனாலதான் இத்தனை கவனம்.

ராஜராஜனுக்கு ஒரு தலைமுறை முன்னாடியே இந்த வழக்கம் இருந்திருக்கு. கண்டராதித்த சோழரோட மனைவி, உத்தம சோழரோட அம்மா, செம்பியன் மாதேவி. பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு, படம் பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் தெரியும். கதைக்கு வெளிய இவங்க செஞ்ச வேலை இன்னும் பெருசு: சோழ நாட்டுல இருந்த செங்கல் கோயில்கள் பலதைக் கல் கோயிலா மாத்தினாங்க. அப்படி மாத்தின இடங்கள்ல ஒண்ணு காவிரிக்கரையில இருக்கிற திருக்கோடிகாவல். அங்க பல்லவர் காலத்துக் கொடைகளைச் சொல்ற பழைய கல்வெட்டுகளைக் கூடப் பார்த்து எழுதிப் புதுச் சுவர்ல வெட்டியிருக்காங்க. அப்படி வெட்டினதோட சேர்த்து ஒரு சின்னக் குறிப்பு: "இதுவும் ஒரு பழங்கற்படி". படின்னா நகல். இதுவும் ஒரு பழைய கல்லோட நகல், அவ்வளவுதான் அர்த்தம்.

அந்தக் குறிப்பு இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கல்வெட்டு ஆராயறவங்க எழுத்தோட வடிவத்தை வச்சு ஓரளவுக்குக் காலம் சொல்லுவாங்க. பல்லவ ராஜா பேர் இருக்கு, எழுத்து மட்டும் நூறு வருஷம் பின்னாடி வந்த சோழர் கால வடிவத்துல இருக்கு. பின்னாடி வந்தவங்க இதைப் போலின்னு ஒதுக்கியிருக்கலாம், இல்ல காலக்கணக்கே குழம்பியிருக்கலாம். நகல் எடுக்கும்போது எதையோ இழக்கத்தான் செய்வோம். இங்க போனது பழைய கையெழுத்து. போனதை ஒளிக்காம "இது நகல்"னு வெட்டி வச்சாங்க பாருங்க, அந்த நேர்மைதான் எனக்குப் பிடிச்சது. நான் இப்ப எந்த ஃபைலை மறுபடி ஏத்தினாலும் அது எந்த நகல்ல இருந்து வந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைக்கிறேன். அந்த வரிக்கு நாங்க வச்சிருக்கிற பேரே "பழங்கற்படி"தான். புதுசா சேர்ற பசங்க முழிப்பாங்க.

இதையெல்லாம் செஞ்சது யாரு? ராஜா கையில உளி எடுக்கல. சோழர் நிர்வாகத்துல புரவுவரித் திணைக்களம்னு ஒரு துறை, நில வரிக் கணக்குக்கு. அதுல வரிப்பொத்தகம், வரியிலீடு, முகவெட்டி, பட்டோலைன்னு பல பதவிகள். ஒரு நிலத்தைத் தானமா கொடுத்தா ராஜா வாயால சொன்னா மட்டும் போதாது. ஓலையில எழுதணும், சரி பார்க்கணும், கணக்குல ஏத்தணும், பலர் கையெழுத்துப் போடணும். ஆனைமங்கலம் செப்பேடு இதுக்கு நல்ல உதாரணம். நாகப்பட்டினத்துல இருந்த சூடாமணிவர்ம விகாரத்துக்கு ராஜராஜன் தன்னோட 21-ஆவது ஆண்டுல வாய்மொழியா கொடுத்த ஊர். அது செப்புத் தகட்டுல ஏறினது மகன் காலத்துல. மொத்தம் 21 தகடு, சோழ முத்திரை போட்ட ஒரு பெரிய வளையத்துல கோத்திருக்கு. நிலத்தோட எல்லையைப் பெண் யானையை நடக்க விட்டுக் குறிச்சிருக்காங்க. அப்புறம் யார் யார் கூட இருந்தாங்க, யார் கையெழுத்துன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். சாதாரண வாசகருக்கு அலுப்பு தட்டுற பகுதி. டிபிஏ வேலை பார்க்கிறவனுக்கு அது ஆடிட் லாக்! அந்தச் செப்பேடு நெதர்லாந்துல இருக்கிற லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால, ஆராய்ச்சிக்காரங்க அதை லெய்டன் செப்பேடுன்னும் சொல்லுவாங்க.

இவ்வளவு அழகா நடந்தது எப்ப, எங்க முறிஞ்சுது? இதுக்குப் பதில் ஓலைச் சுவடியில இருக்கு.

ஓலைக்கு ஆயுசு கம்மி. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். அதனால பழைய சுவடியைப் பார்த்துப் புதுச் சுவடியில எழுதறது ஒரு தொடர் வேலை. எழுதி முடிச்ச பிறகு பழசைக் குப்பையில போட மனசு வராது இல்லையா? ஆடிப் பதினெட்டுல ஆத்துல விடுவாங்க. இல்லன்னா நெய்யில நனைச்சு வேள்வித் தீயில போடுவாங்க. மரியாதையான வழியனுப்பு. நம்ம மொழியில சொன்னா ரெண்டு தானியங்கி வேலை: ஒண்ணு காப்பி எடுக்கும், இன்னொண்ணு பழசை அழிக்கும். முதல் வேலை ஓடினா மட்டும்தான் ரெண்டாவதுக்கு அர்த்தம்.

காலப்போக்குல படி எடுக்கிற பழக்கம் தேஞ்சுபோச்சு. அழிக்கிற சடங்கு மட்டும் நிக்காம ஓடுச்சு. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்ச கதை பள்ளிப் பாடத்துல வந்திருக்கும். கரிவலம்வந்தநல்லூர்ல, வரகுணராம பாண்டியனோட ஏடுகள் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசையா போறார். பழுதான ஏட்டையெல்லாம் முறைப்படி நெருப்புல போட்டுட்டதா பதில் வருது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இதுல யாரையும் வில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க சடங்கை ஒழுங்கா செஞ்சாங்க. "புதுசுல எழுதியாச்சா?"ன்னு கேக்க ஆள் இல்லாம போயிருச்சு, அவ்வளவுதான். எங்க ஆபீஸ்லயும் பழைய பேக்கப்பை அழிக்கிற நிரல் ஒரு நாள் கூட தவறாம ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இப்ப கம்பைநல்லூருக்குத் திரும்பி வருவோம். மாமா சொன்ன காப்பி எது?

1886-ல சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டாளரா ஹூல்ட்ஷ்னு ஒரு ஜெர்மன் அறிஞரை நியமிச்சாங்க. அவரோட துறை ஆளுங்க கிராமம் கிராமமா போய்க் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்தாங்க. முறை ரொம்ப எளிமை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, முரட்டு பிரஷ்ஷால தட்டுவாங்க. எழுத்துக் குழிக்குள்ள காகிதம் இறங்கும். அது மேல மையை ஒத்தி எடுத்தா, பின்னணி கறுப்பா வரும், எழுத்து வெள்ளையா நிக்கும். கண்ணால பார்த்து எழுதற நகல் இல்ல இது. கல்லோட மேனியையே பிரதி எடுக்கறது. செம்பியன் மாதேவி காலத்துப் படியில தொலைஞ்ச கையெழுத்து இதுல தொலையாது. கம்பைநல்லூர்க் கல்வெட்டுகள் 1900 வாக்கிலேயே இந்தத் துறையோட பதிவுல ஏறிடுச்சு.

அந்தப் பதிவைத் தேடறதே ஒரு கதை. அதுல ஊர் பேர் கம்பயநல்லூர், ஊத்தங்கரை தாலுகா, சேலம் ஜில்லான்னு இருக்கும். 1965-ல சேலத்துல இருந்து தருமபுரி மாவட்டம் பிரிஞ்சுது. 2004-ல தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சப்ப ஊத்தங்கரை அந்தப் பக்கம் போயிருச்சு. கம்பைநல்லூர் இப்ப காரிமங்கலம் வட்டத்துல. கோயில் ஒரு அடி நகரல. அதோட முகவரியில ஒரு சொல்லு கூட மிஞ்சல. முகவரியை முதன்மைச் சாவியா வைக்காதேன்னு டேட்டாபேஸ் வகுப்புல சொல்லிக் கொடுப்பாங்களே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நல்லவேளை, ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டோட சேர்த்து ஒரு எண் கொடுத்திருக்காங்க. அந்த எண்தான் இன்னைக்கும் வழிகாட்டுது.

இந்த ஊர்க் கல்வெட்டுகள்ல ஒரு பேர் வருது: விடுகாதழகிய பெருமாள். தகடூரை, அதாவது இன்னைக்குத் தருமபுரியை, ஆண்ட அதியமான் வழி வந்தவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம். இவர் செஞ்ச ஒரு வேலை போளூர் பக்கம் திருமலைங்கிற சமண மலையில பதிவாகியிருக்கு. தன்னோட முன்னோரான எழினி வச்ச இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதாகிக் கிடந்ததைப் பார்த்துச் சரி பண்ணி, மறுபடி நிறுத்தியிருக்கார். புதுசா தன் பேர்ல ஒண்ணு வைக்கறது ராஜாக்களுக்குச் சுலபம், புகழும் அதிகம். இவர் முன்னோர் பேரைச் சொல்லி, இது அவர் வச்சது, நான் பழுது பார்த்தேன்னு எழுதி வச்சார். எங்க ஊர்க்காரர்ங்கிற பெருமை எனக்குக் கொஞ்சம் இருக்கு, மறைக்கல.

மாமாகிட்ட நான் கேட்டேன்: "அப்ப சுவரு விழுந்தாலும் கவலை இல்ல, காப்பிதான் பத்திரமா இருக்கே?"

அவர் சொன்னார்: "மாப்ள, உங்க ஆபீஸ்ல கூட காப்பி பத்திரமாத்தானே இருந்துச்சு?"

சுருக்குன்னு இருந்துச்சு. நியாயம்தான். மைப்படி எடுத்து வைக்கறது பாதி வேலை. அதை ஒருத்தர் உட்கார்ந்து படிக்கணும், அச்சுல கொண்டு வரணும். 1966-ல கல்வெட்டுத் துறையோட தலைமை அலுவலகம் ஊட்டியில இருந்து மைசூருக்குப் போச்சு, தமிழ் மைப்படிகளும் கூடவே போச்சு. அச்சேறினது ஒரு பங்கு. மடிச்ச காகிதமாவே காத்துக்கிட்டு இருந்தது நிறைய. 2021 ஆகஸ்டுல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டு வரச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. அந்தச் சமயத்துல ஊடகங்கள்ல இது "எங்க இருக்கணும்"ங்கிற சண்டையா பேசப்பட்டுச்சு. அது நியாயமான கேள்விதான். ஆனா என்னைக் கேட்டா, யார் படிக்கப் போறாங்கங்கிறது அதைவிடப் பெரிய கேள்வி. கோயில் திருப்பணின்னு கல்லை மணல் வீசிச் சுரண்டின இடங்கள்ல, சுவரோட எழுத்து மழுங்கிப்போச்சு. அங்கெல்லாம் அந்தக் காகிதம்தான் இப்ப மூலம்.

படிக்கிற ஆளுங்க எங்கிருந்து வருவாங்க? இங்கதான் கூட்டத்தோட கதை வருது.

கம்ப்யூட்டர் உலகத்துல இதுக்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கு. 1955-ல ஐபிஎம் 704-ன்னு ஒரு ராட்சச இயந்திரம் வாங்கின நிறுவனங்கள்ல வேலை பார்த்தவங்க, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கூடி ஷேர்னு ஒரு பயனர் குழு ஆரம்பிச்சாங்க. பல பேர் விமானம் கட்டற போட்டிக் கம்பெனிக்காரங்க. ஆனாலும் ஒரே நிரலை ஆளாளுக்குத் தனித்தனியா எழுதறது முட்டாள்தனம்னு புரிஞ்சு, எழுதினதைப் பகிர்ந்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல 90-களோட கடைசியில சென்னையில லினக்ஸ் பயனர் குழு உருவாச்சு. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை, ஐஐடி வளாகம். நுழைவுச் சீட்டு கிடையாது, பட்டம் கேக்க மாட்டாங்க. அந்த வழியில வந்தவங்கதான் 2012-ல கணியம் இதழைத் தொடங்கினாங்க. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைத் தமிழ்ல சொல்லிக் கொடுத்து நித்யா துரைசாமி எழுதின புத்தகம் அதுல இலவசமா கிடைக்குது. இங்கிலீஷ் கையேட்டைப் பார்த்துப் பயந்து ஓடின எத்தனையோ பேரை அது உட்கார வச்சிருக்கு.

கல்வெட்டுக்காரங்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் இருக்கு. தஞ்சாவூர்ல இருந்து இயங்கற தமிழகத் தொல்லியல் கழகம். 1991-ல இருந்து ஆவணம்னு ஒரு இதழ் கொண்டு வர்றாங்க. ஏதோ ஒரு ஊர் வாத்தியாரோ, பேராசிரியரோ, ஓய்வு பெற்ற அதிகாரியோ வயக்காட்டுல ஒரு கல்லைப் பார்த்துப் படிச்சு அனுப்புவார். அச்சுல வரும். ஆண்டுக் கருத்தரங்குல எல்லாரும் கூடுவாங்க. "இந்த எழுத்து 'ழ' இல்லைங்க, 'ள'"ன்னு ஒருத்தர் எழுந்திருப்பார். சண்டை நடக்கும். மதியச் சாப்பாட்டுல சமாதானம். 70-கள்ல இரா.நாகசாமி தலைமையில இருந்தப்ப மாநிலத் தொல்லியல் துறை இந்தப் பக்கத்து நடுகற்களைத் தேடித் தேடிப் பதிவு செஞ்சு, செங்கம் நடுகற்கள், தருமபுரி கல்வெட்டுகள்னு புத்தகங்களா போட்டுச்சு. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு ஊர்க்காரங்க நட்ட கல்லு அது. அதுக்கு ராஜாவோட கணக்குல நகல் கிடையாது, கோயில் சுவர்லயும் கிடையாது. ஒரே ஒரு கல்லு. ரோடு போடறவன் புரட்டிப் போட்டா அவன் ரெண்டாவது தடவை செத்தான். அதனாலதான் அந்தப் புத்தகங்கள் எனக்கு முக்கியமா தெரியுது.

ஒரே ஒரு பிரதிங்கிற வார்த்தையைச் சொன்னதும் யாழ்ப்பாணம் ஞாபகம் வராம இருக்காது. 1933-ல செல்லப்பாங்கிற ஒருத்தர் தன் வீட்டுல ஆரம்பிச்ச வாசகசாலை வளர்ந்து, 1959-ல பெரிய கட்டடமா திறந்த பொது நூலகம். 1981 மே 31 ராத்திரி எரிக்கப்பட்டுச்சு. சுமார் 97,000 புத்தகங்கள், கூடவே ஓலைச் சுவடிகள். அச்சான புத்தகத்துக்கு வேற எங்கயாவது ஒரு பிரதி இருக்கும், கொழும்புலயோ லண்டன்லயோ யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல. ஏட்டுக்கு அது இல்ல.

2005-ல நூலகம்னு ஒரு இணைய நூலகத்தை ஈழத்து இளைஞர்கள் சிலர் ஆரம்பிச்சாங்க. தன்னார்வலர்கள் வீடு வீடா இருக்கிற புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, கோயில் மலர், பள்ளி மலர்னு வாங்கி ஸ்கேன் பண்ணி ஏத்தறாங்க. கல்யாண மலரும் நினைவு மலரும் எதுக்குன்னு ஆரம்பத்துல நான் நினைச்சேன். செத்தவர் நினைவா அச்சடிச்ச ஒரு சின்ன மலர்ல அந்தக் குடும்பத்தோட, அந்த ஊரோட வரலாறு இருக்கும். ஊரே இடம் பெயர்ந்த பிறகு வேற எங்கயும் அது கிடையாது. இதுக்கு முன்னோடியா 1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்தைச் சொல்லணும். சுவிட்சர்லாந்துல இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னெடுத்தார். பல நாட்டுல இருந்து தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு பண்ணினாங்க, ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் பிழை பார்த்தாங்க. பிழை பார்க்கறதுன்னா வரி வரியா படிக்கறது. திருமழபாடியில புத்தகத்தைப் பார்த்துச் சுவர்ல வெட்டினவனும் அதைத்தான் செஞ்சான்.

நிறைய பேர் மெயில்ல கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிடறேன்: வீட்டுல இருக்கிற பழைய பத்திரம், தாத்தா கணக்கு நோட்டு, ஏடு இதையெல்லாம் என்ன பண்றது? லேமினேஷன் மட்டும் பண்ணாதீங்க, பின்னாடி பிரிக்க முடியாது. நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க. ரெண்டு வேற வேற ஊர்ல வைங்க. ஒரு நாள் பெரியவங்க யாரையாவது உட்கார வச்சு, போட்டோவைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி எழுதிக்கங்க. எங்க ஆயா கையெழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இப்ப எங்க குடும்பத்துல மாமா ஒருத்தர்தான்.

எங்க டீம்ல இப்ப மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, ஆறரை மணிக்கு, பேக்கப்பை ஒரு காலி சர்வர்ல ஏத்திப் பார்க்கிறோம். போன மாசம் தோத்துப்போச்சு. ரெண்டு அட்டவணை வரல. காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ண ராத்திரி பத்து ஆச்சு, பரோட்டா சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போனோம்.

மாமா இப்போதைக்கு அச்சான பாடத்தைக் கையில வச்சுக்கிட்டு, தேசிநாதர் கோயில் சுவரோட எழுத்து எழுத்தா ஒப்பிட்டுக்கிட்டு இருக்கார். ரெண்டாவது வரியில ஒரு எழுத்துல அவருக்குச் சந்தேகம். அடுத்த தடவை வரும்போது நல்ல டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார்.